கணக்கு வைத்துக் கொடுப்பது: யூதர்களின் தர்மப் பெட்டியும் வட்டியில்லாக் கைமாற்றும்

கையில் 200 சூஸ் வைத்திருப்பவர் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய விளைச்சலைத் தொடக் கூடாது. 199 சூஸ்தான் இருக்கிறதென்றால், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கொடுத்தாலும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு இப்படிச் சொல்கிறது. சூஸ் என்பது அந்தக் காலத்து வெள்ளிக் காசு. 200 இருந்தால் ஓராண்டுச் சோற்றுக்கும் துணிக்கும் போதும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அதே இடத்தில் இன்னும் இரண்டு விதிகள் இருக்கின்றன. உதவி கேட்டு வருபவரிடம் 'முதலில் வீட்டையும் பாத்திரங்களையும் விற்றுவிட்டு வா' என்று சொல்லக் கூடாது. 50 சூஸை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருப்பவர் உதவி வாங்கக் கூடாது. அதாவது சும்மா கிடக்கும் 200 காசும் கைமாறிப் புரளும் 50 காசும் ஒரே தராசில் நிற்கின்றன.

வறுமைக்கோடு எங்கே போடுவது, சொத்தைக் கணக்கில் சேர்ப்பதா, தொழில் முதலைச் சேர்ப்பதா என்று இன்றும் நலத்திட்ட அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு மதச் சட்ட நூல் அதே கேள்விகளுக்கு எண் போட்டுப் பதில் எழுதியிருக்கிறது.

யூதர்களின் கொடை என்றதும் பெரும்பாலும் பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ராத்ஸ்சைல்ட், மான்டிஃபியோரி, நம் பக்கத்தில் பம்பாயின் டேவிட் சசூன். புனேயில் 1867ல் திறந்த சசூன் மருத்துவமனை இன்றும் அரசு மருத்துவமனையாக நடக்கிறது. பணக்காரர்கள் கட்டடம் கட்டிப் பெயர் வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்கு அடியில் ஓடும் சின்ன நிர்வாகம். யார் வசூலிப்பது, எத்தனை பேர் சேர்ந்து எண்ணுவது, வாங்குபவர் முகம் சுருங்காமல் எப்படிக் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்து விதி எழுதிய மரபு அது. இரக்கம் வரும்போது கொடுக்கலாம் என்று அங்கே யாரும் விட்டுவைக்கவில்லை.

ஆரம்பம் வயலில். அறுக்கும்போது வயலின் ஓரத்தை விட்டுவிடு, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது லேவியராகமம். பைபிள் படித்தவர்களுக்குப் போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதை தெரிந்திருக்கும். ஆனால் யூதர்கள் ஊர்களிலும் நகரங்களிலும் வியாபாரிகளாக, கைவினைஞர்களாக வாழ ஆரம்பித்தபோது விட்டுவைக்க வயல் ஓரம் ஏது? அப்போது வந்தவைதான் கூப்பா, தம்ஹூய் என்ற இரண்டு ஏற்பாடுகள்.

கூப்பா என்பது ஊர்ப் பணப்பெட்டி. வாரந்தோறும் வசூலித்து வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் பிறப்பதற்கு முன், உள்ளூர் ஏழைகளுக்கு ஒரு வாரச் செலவுக்குக் கொடுப்பார்கள். தம்ஹூய் என்பது தினமும் வீடுவீடாகச் சேர்க்கும் உணவு. அதை எந்த ஊரிலிருந்து வந்தவரும் வாங்கலாம். இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் தம்ஹூயில் கை வைக்கக் கூடாது. பதினான்கு வேளைக்கு இருப்பவர் கூப்பாவில் வாங்கக் கூடாது. ஓர் ஊருக்குக் குடிவந்தவரிடம் எப்போதிலிருந்து வசூலிக்கலாம் என்பதற்கும், மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூதில் பட்டியல் உண்டு: தம்ஹூய்க்கு 30 நாள், கூப்பாவுக்கு மூன்று மாதம், உடை நிதிக்கு ஆறு மாதம், அடக்கச் செலவு நிதிக்கு ஒன்பது மாதம், ஊர் மதிலுக்குப் பன்னிரண்டு மாதம். சோறு முதலில், மதில் கடைசியில்!

கொடுக்க முடியாது என்றால்? அடகுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். ரவா என்ற பாபிலோனிய அறிஞர், வசதியான ரவ் நாத்தான் பார் அம்மி என்பவரைக் கட்டாயப்படுத்தி 400 சூஸ் வாங்கியதாகத் தல்மூத் பதிவு செய்கிறது. இதைக் கொடை என்பதைவிட வரி என்பதே பொருத்தம். 'செதாக்கா' என்று இதற்குப் பெயர். தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் சதக்காவும் அதன் உறவுக்காரச் சொல்தான். வருமானத்தில் பத்தில் ஒன்று நடுத்தர அளவு. மேல்வரம்பும் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாரிக் கொடுத்துவிட்டு, பிறகு நீயே கையேந்தி நிற்காதே என்று ஊஷா நகரில் கூடிய அறிஞர்கள் தடுத்தார்கள். இன்னொரு பக்கம், தர்மத்தில் வாழ்பவரும் தனக்கு வந்ததில் கொஞ்சம் தர்மம் செய்ய வேண்டும். வாங்குபவர் என்று ஒரு தனிச் சாதி உருவாகிவிடக் கூடாது என்ற எண்ணம் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வசூலிப்பவர்கள்மேல் இந்தச் சட்டம் வைத்திருக்கும் சந்தேகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கூப்பாவுக்கு வசூலிக்க இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, பங்கிட மூன்று பேர் வேண்டும். கடைத்தெருவில் போகும்போது ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து போகக் கூடாது. வழியில் சொந்தமாக ஒரு காசைக் கண்டெடுத்தாலும் தன் பையில் போடக் கூடாது. தர்மப் பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? செப்புக் காசு சேர்ந்துவிட்டால் வெள்ளியாக மாற்றலாம், ஆனால் தன் சொந்தப் பணத்தோடு மாற்றக் கூடாது. உணவு மிஞ்சினால் விற்கலாம், தானே வாங்கிக்கொள்ளக் கூடாது. எண்ணும்போது இரண்டிரண்டாக எண்ணாமல் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கோவில் உண்டியல் எண்ணும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வாங்குபவரிடம் மட்டும் இந்தக் கெடுபிடி தளர்கிறது. ஒருவர் 'உடுத்த இல்லை' என்று வந்தால் விசாரிக்கலாம், 'பசிக்கிறது' என்று வந்தால் விசாரிக்கக் கூடாது என்பது முடிவான சட்டம். விசாரித்து முடிப்பதற்குள் ஆள் செத்துப்போகலாம். பூரிம் பண்டிகையன்று இந்த விசாரணைகூட இல்லை. கை நீட்டியவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வெட்கம். யூதச் சட்ட அறிஞர்கள் பசிக்குச் சமமாக இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். உபாகமத்தில் 'அவனுக்குக் குறைவாக இருப்பது எதுவோ அதைக் கொடு' என்று வரும் வரிக்கு எவ்வளவு தூரம் பொருள் சொல்வது என்று ஒரு விவாதம். நொடித்துப்போன பெரிய குடும்பத்துக்காரர் ஒருவருக்கு, சவாரிக்குக் குதிரையும் முன்னால் ஓட ஒரு பணியாளும் ஹில்லேல் என்ற அறிஞர் ஏற்பாடு செய்தாராம். ஒருநாள் பணியாள் கிடைக்கவில்லை. ஹில்லேலே அந்தக் குதிரைக்கு முன்னால் மூன்று மைல் ஓடினார் என்கிறது தல்மூத். இது ஊதாரித்தனம் இல்லையா என்று நமக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் ஏழையைப் பணக்காரனாக்க வேண்டியதில்லை, அவனுக்கு எது இல்லாமல் தலை நிமிரவில்லையோ அது போதும் என்பதே அங்கே வாதம்.

மார் உக்வா என்ற அறிஞரின் கதை இன்னும் நெருக்கமானது. பக்கத்தில் குடியிருந்த ஏழை வீட்டுக் கதவின் குழிக்குள் தினமும் நான்கு சூஸ் போட்டுவிட்டுப் போவார். யார் போடுவது என்று பார்த்துவிட அந்த ஏழை ஒருநாள் காத்திருக்கிறார். அன்று மார் உக்வாவோடு மனைவியும் வந்திருந்தார். கதவு திறப்பதைப் பார்த்ததும் இருவரும் ஓடி, அப்போதுதான் தணல் வாரிய ஓர் அடுப்புக்குள் நுழைந்து ஒளிந்துகொள்கிறார்கள். அவருடைய கால் பொசுங்குகிறது. மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. 'உங்கள் காலை என் காலின் மேல் வையுங்கள்' என்கிறார் மனைவி. அவருக்கு மனம் சங்கடப்படுகிறது. மனைவி சொல்லும் காரணம்: நான் வீட்டிலேயே இருக்கிறேன், நான் கொடுப்பது உடனே சாப்பிடக்கூடிய உணவு. காசு கிடைத்தவன் இன்னும் கடைக்குப் போக வேண்டும், சமைக்க வேண்டும். அன்றாடம் சோறு போடுகிற பெண்ணின் கை, காசு கொடுக்கும் அறிஞரின் கையைவிட ஒரு படி மேலே என்று ஆண்கள் எழுதிய நூலே ஒப்புக்கொள்கிறது.

சாவு வீட்டிலும் இதே கவலைதான். ஒரு காலத்தில் துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோகும்போது பணக்காரர்களுக்கு வெள்ளியிலும் தங்கத்திலும் செய்த கூடைகள், ஏழைகளுக்கு உரித்த அலரிச் சுள்ளியில் பின்னிய கூடைகள். ஏழைகள் கூசினார்கள். எல்லோருக்கும் சுள்ளிக் கூடைதான் என்று மாற்றினார்கள். அடக்கச் செலவைச் சமாளிக்க முடியாமல் உறவினர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிய நிலையும் இருந்திருக்கிறது. ரப்பான் கமாலியேல் என்ற தலைவர் தன்னை எளிய நூல்துணியில் அடக்கம் செய்யச் சொன்ன பிறகு ஊரே அந்த வழக்கத்துக்கு மாறியது. இன்றுவரை மரபு வழுவாத யூத அடக்கத்தில் கோடீஸ்வரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே வெள்ளை உடைதான். குளிப்பாட்டி உடுத்தி அடக்கம் செய்யும் தன்னார்வக் குழுவுக்கு ஹெவ்ரா கதீஷா என்று பெயர். யூதர்கள் ஒரு புதிய ஊரில் குடியேறினால் முதலில் உருவாகும் அமைப்புகளில் அதுவும் ஒன்று.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம்தானே, நடைமுறையில் இருந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு காகிதக் குவியலில் கிடைத்தது. கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத் நகரின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில், எழுத்துள்ள காகிதத்தை எறியக் கூடாது என்று பல நூற்றாண்டுகளாக ஒரு அறையில் போட்டு வைத்திருந்தார்கள். 1896–97ல் சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். கெனீசா என்று அழைக்கப்படும் அந்தக் குவியலில் வேதப் பிரதிகளோடு 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான தர்மக் கணக்குகளும் இருந்தன. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி பங்கீடு. யாருக்கு எத்தனை ரொட்டி என்று வரிசையாகப் பட்டியல். பெயர் தெரியாதவர்களைத் தொழிலாலும் ஊராலும் உடற்குறையாலும் குறித்திருக்கிறார்கள். இன்னாருடைய விதவை, பார்வையற்றவர் என்று பட்டியல் நீள்கிறது.

அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு முன் மனிதர்கள் எழுதிய மனுக்களும் கிடைத்திருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் பேச்சு ஒன்றுதான்: இதுவரை திரைக்குள் வாழ்ந்தேன், இப்போது முகத்தைத் திறந்து நிற்கிறேன். திரைக்குள் வாழ்வது என்றால் கஷ்டம் வெளியே தெரியாமல் கௌரவமாக இருப்பது. நல்ல நிலையில் இருந்து சரிந்தவர்கள் பொது ரொட்டி வரிசைக்கு வர மாட்டார்கள். தெரிந்த ஒருவருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதுவார்கள். கடிதத்தையும் ரொட்டிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டம் ஏன் வெட்கத்தைப் பற்றி அவ்வளவு பேசியது என்பது விளங்கிவிடும்.

இதே ஃபுஸ்தாத்தில்தான் மைமோனிடிஸ் (1138–1204) வாழ்ந்தார். மருத்துவர், தத்துவவாதி, யூதச் சட்டம் முழுவதையும் ஒரே நூலாக ஒழுங்குபடுத்தியவர். கூப்பா இல்லாத யூத ஊரை நாங்கள் பார்த்ததும் இல்லை கேட்டதும் இல்லை என்று எழுதியவர். 1170 வாக்கில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கப் பணம் திரட்டி அவர் அனுப்பிய கடிதமும் கெனீசாவில் இருக்கிறது. அவருக்கே பணக்கஷ்டம் தெரியாமல் இல்லை. குடும்பத்தைத் தாங்கிய தம்பி டேவிட் இரத்தின வியாபாரி. இந்தியாவுக்கு வரும் கடல்வழியில் குடும்பப் பணத்தோடும் பிறர் பணத்தோடும் மூழ்கிப்போனார். அவருடைய மனைவியும் சின்னப் பெண்ணும் அண்ணன் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். துக்கத்தில் ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததாக மைமோனிடிஸே ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

கொடுப்பதில் எட்டுப் படிகள் என்று அவர் வகுத்தது புகழ்பெற்றது. கடைசிப் படி, முகம் சுளித்துக் கொடுப்பது. அதற்கு மேல், போதாத அளவென்றாலும் சிரித்த முகத்தோடு கொடுப்பது. அப்புறம் கேட்டபின் கொடுப்பது, கேட்கும் முன் கொடுப்பது. அதற்கும் மேலே யாருக்கு யார் தெரியும் என்பதே அளவுகோல். காசைத் துணியில் முடிந்து முதுகுப்பக்கம் தொங்கவிட்டு நடந்த அறிஞர்களை ஏழைக்குத் தெரியும், எடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு படி வரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். எட்டாவது, எல்லாவற்றுக்கும் உச்சி, நாம் நினைப்பது மாதிரி ரகசியமான பெருங்கொடை இல்லை. விழப்போகிறவர் கையைப் பிடித்து, அன்பளிப்போ கடனோ கொடுத்து, அல்லது தொழிலில் கூட்டு சேர்த்து, அல்லது வேலை தேடிக் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கேட்கத் தேவையில்லாமல் செய்வது. கடன் வாங்கியவர் பிச்சைக்காரர் இல்லை, கணக்கு வைத்திருப்பவர். புரளும் 50 சூஸுக்கு மிஷ்னா கொடுத்த மரியாதைதான் இங்கே உச்சிப் படியாகிறது.

கடன் என்றால் வட்டியில்லாக் கடன். சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் மூன்றும் சொல்கின்றன. வெளியாரிடம் வாங்கலாம் என்று உபாகமம் விட்ட வாசல் பிற்காலத்தில் யூதர்களுக்கு என்னென்ன பெயர் வாங்கிக் கொடுத்தது என்பது தனிக்கதை. உள்ளுக்குள் வேறொரு சிக்கல் இருந்தது. ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடியாக வேண்டும் என்பது வேத விதி. அந்த ஆண்டு நெருங்க நெருங்கக் கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். ஏழைக்கு நல்லது என்று போட்ட விதி ஏழைக்கே வினையாகிவிட்டது. குதிரைக்கு முன்னால் ஓடியதாகச் சொன்னோமே, அந்த ஹில்லேல்தான் 'ப்ரோஸ்புல்' என்ற பத்திரத்தைக் கொண்டுவந்து, கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துத் தள்ளுபடியிலிருந்து காப்பாற்றினார். வேத விதியை அறிந்தே சுற்றிக்கொண்டு போகிறார். கடன் தொடர்ந்து கிடைப்பது அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

நியூயார்க்கில் இந்தப் பழைய யோசனை புது உருவம் எடுத்தது. ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர்கள் மன்ஹாட்டனின் கீழ்கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம். 1892ல் அங்கே சிலர் சேர்ந்து 95 டாலர் முதலோடு ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சில டாலர் கைமாற்று. வட்டி கிடையாது. பொருள் அடமானம் கிடையாது. ஜாமீன் நிற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. எந்த மதத்து நியூயார்க்வாசிக்கும் கடன் கொடுக்கிறது. வாராக்கடன் சொற்பம்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், ஆட்டோமன் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ், பாலஸ்தீன யூதர்கள் பட்டினியில் இருக்கிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபுக்குத் தந்தி அடித்தார். பணம் சேர்ந்தது. அந்த வேகத்தில் பழமைவாதிகள், வசதியான ஜெர்மானிய வம்சாவளியினர், தொழிலாளர் இயக்கத்தினர் என்று ஒருவரையொருவர் பிடிக்காத மூன்று தரப்பும் பங்கீட்டை மட்டும் ஒன்றாகச் செய்ய ஒத்துக்கொண்டன. அதுதான் 'ஜாயின்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிவாரண அமைப்பு. போருக்குப் பின் அது போலந்தில் செய்ததில் குறிப்பிடத்தக்கது மறுபடியும் கடன்தான். நூற்றுக்கணக்கான ஊர்களில் வட்டியில்லாக் கடன் நிதிகளுக்கு முதல் கொடுத்தது. தையற்காரர்களும் தெருவியாபாரிகளும் வாங்கித் திருப்பிக் கட்டினார்கள். அந்த ஊர்களையும் நிதிகளையும் நாஜிகள் மொத்தமாக அழித்தார்கள்.

இஸ்ரேலிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் இன்று இப்படி வட்டியில்லாமல் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டுக்குக் 'கெமாக்' என்று பெயர். பணம் மட்டும் என்றில்லை. நாற்காலி கெமாக், குழந்தைக் கட்டில் கெமாக், நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கெமாக். பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறைதான் கடை. எனக்குப் பிடித்தது கல்யாண உடை கெமாக். மணமகள் வந்து போட்டுப் பார்த்து எடுத்துப்போவாள், கல்யாணம் முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தருவாள். திராட்சைத் தோட்டங்களில் ஆடப்போகும் எருசலேம் பெண்கள், இல்லாதவள் கூசக் கூடாது என்பதற்காக எல்லோருமே இரவல் வாங்கிய வெள்ளை உடை உடுத்தினார்கள் என்று மிஷ்னாவில் ஒரு குறிப்பு உண்டு. கெமாக்குகளில் மிகப் பெரியது எருசலேமின் யாத் சாரா. 1976ல் ஊரி லுபோலியான்ஸ்கி நீராவி பிடிக்கும் கருவியைத் தெரிந்தவர்களுக்கு இரவல் கொடுத்ததில் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆக்சிஜன் கருவி என்று யூதர், அரபியர் எல்லோருக்கும் இரவல் தருகிறது. 1994ல் இஸ்ரேல் பரிசு பெற்றது. லுபோலியான்ஸ்கி பின்னாளில் எருசலேம் மேயரானார்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வேதம் படித்து வாழ்ந்தவர்களுக்காக ஐரோப்பிய வீடுகளில் உண்டியல் வைத்துச் சேர்த்து அனுப்பிய 'ஹலூக்கா' பணம், உழைப்பை மறக்கடிக்கிறது என்று யூதர்களிடமிருந்தே கடும் விமர்சனம் வாங்கியது. இன்றைய தீவிரப் பழமைவாதக் குடியிருப்புகளைப் பற்றியும் இஸ்ரேலில் அதே சண்டைதான். நம்பிக்கை என்ற முதலுக்கும் ஆபத்து உண்டு. 2008 டிசம்பரில் நியூயார்க் முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃப் பிடிபட்டபோது, 'நம்மாள்' என்று அவரிடம் பணத்தை ஒப்படைத்திருந்த யூத அறக்கட்டளைகள் பல நொறுங்கின. எழுத்தாளர் எலீ வீசெலின் அறக்கட்டளை மட்டும் ஏறக்குறைய 1.5 கோடி டாலர் இழந்தது. வசூலிப்பவர் இருவர், பங்கிடுபவர் மூவர் என்ற பழைய விதியைப் போட்டவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு குறை அமைப்பிலேயே இருக்கிறது. அடமானம் வேண்டாம், ஜாமீன் போதும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஊரில் நாலு பேரைத் தெரிந்தவருக்கு அது எளிது. குடும்பத்தோடு முறித்துக்கொண்டவர், சமூகக் கட்டை மீறியவர், புதிதாக வந்தவர் ஜாமீனுக்கு யாரிடம் போவார்? தவிர, பெரிய பணக் கெமாக்குகள் குடும்பங்களிடம் டெபாசிட்டும் வாங்குகின்றன. பிள்ளைகளின் கல்யாணத்துக்கென்று பெற்றோர் பல ஆண்டுகள் போட்டு வைப்பது அது. எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால், அல்லது நடத்துபவர் தவறான இடத்தில் போட்டுவிட்டால், வங்கிக்கு இருக்கும் பாதுகாப்பு எதுவும் இல்லை. இஸ்ரேல் நாடாளுமன்றம் 2019ல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டு, டெபாசிட் வாங்கி வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பொதுநல அமைப்புகளை அரசு மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. பின்னறையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடந்த வேலைக்கு இனி உரிமமும் தணிக்கையும் வேண்டும். அதற்கு ஆகும் செலவை வட்டியே வாங்காத நிதி எங்கிருந்து எடுக்கும் என்பதுதான் அவர்கள் இப்போது போட வேண்டிய கணக்கு.